நாய் வரியா, சேனைக் காணியா? 1848ஐ நம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது



கொஞ்சம் நீளமான பதிவு. இஷா தொழுதுவிட்டு, ஒரு பிளேன்டீயோடு ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற வாரம் சாதாரண தர வகுப்பில் 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். துப்பாக்கி வரி, கடை வரி, வண்டி வரி, தெரு வரி, நாய் வரி என்று கரும்பலகையில் வரிசையாக எழுதினோம். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி, “சேர், நாய்க்கு வரி போட்டதுக்காகவா அந்த மனிசர் உயிரைக் குடுத்தாங்க?” என்று கேட்டது. வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸுக்குள் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை.

பிள்ளை கேட்டது சரி. ஒரு ஷில்லிங்குக்காகவும் ஒரு நாய்க்காகவும் எந்தச் சனமும் துப்பாக்கிக்கு முன்னால் போய் நிற்காது. வரி என்பது கடைசியாக விழுந்த துரும்பு. அதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்னரே இந்த மலைநாட்டுச் சனங்களின் காலடியிலிருந்து வேறொன்று இழுக்கப்பட்டிருந்தது. அது காணி. இன்று நாம் “அரச காணி” என்று வாய்க்கு வாய் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் இருக்கும் கதை அது. நம் பாடப்புத்தகத்தில் அதற்குக் கிடைப்பது ஒன்றிரண்டு வரிதான். ஆகவே இங்கே எழுதுகிறோம்.

முதலில் கண்டி இராச்சியத்தில் ஒரு கிராமம் எப்படி இருந்தது என்று பார்ப்போம். பள்ளத்தில் வயல். வயலுக்கு மேல் வீடும் தோட்டமும். அதற்கும் மேலே காடு. அந்தக் காட்டில் ஒரு பகுதியை வெட்டி எரித்துக் குரக்கன் விதைப்பார்கள். ஒன்று இரண்டு போகம் எடுத்துவிட்டு அந்த இடத்தை விட்டுவிடுவார்கள். சில ஆண்டுகள் கழிந்து காடு திரும்ப வளர்ந்த பிறகுதான் மறுபடி அங்கே வருவார்கள். இதுதான் சேனை. மிச்சக் காட்டில் விறகு, தேன், வீட்டு மரம், மாட்டுக்கு மேய்ச்சல். வயலுக்கு ஆள் பெயர் உண்டு, வரம்பு உண்டு. காட்டுக்கு வரம்பு கல்லில் இல்லை, ஊராரின் ஞாபகத்தில் இருந்தது. இன்ன ஓடை வரை நமது ஊர், அந்த மேட்டுக்கு அப்பால் அடுத்த ஊர்.

பூமிக்கெல்லாம் அதிபதி அரசன் என்று சொல்லப்பட்டது உண்மை. ஆனால் அரசன் அந்தக் காட்டை அளந்து விலைக்கு விற்கவில்லை. காணியை அனுபவித்தவன் அதற்குப் பதிலாக அரசனுக்கு இராஜகாரியம் என்ற ஊழியம் செய்தான். அரசன் விசேடமாகக் கொடுத்த காணிக்குத்தான் சன்னஸ் என்ற பட்டயம் இருந்தது. சாதாரணக் குடியானவனிடம் ஒரு துண்டு ஓலையும் இருக்கவில்லை. அவனுக்கு அது தேவைப்படவும் இல்லை.

இதில் நம்மவர்கள் எங்கே? கண்டி அரசர்கள் நம் முன்னோரைத் தமது நிர்வாகத்துக்குள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பொதிமாடுகளால் சரக்கு ஏற்றி இறக்கும் பணிக்கு ‘மடிகே பத்த’ என்று ஒரு பிரிவே இருந்தது. அதில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் புடவையும் மேலே வரும். மலையிலிருந்து பாக்கு கீழே போகும். தவளம் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். விகாரைக் காணிகளிலும் தேவாலயக் காணிகளிலும் குடியிருந்து அதற்குரிய ஊழியத்தைச் செய்த முஸ்லிம் குடும்பங்களும் இருந்தன. அரசனுக்கு வைத்தியம் பார்த்து அதற்காகக் காணி பெற்ற குடும்பமும் இருந்தது.

தவளத்துக்கு என்ன வேண்டும்? மாடு வேண்டும். மாட்டுக்கு மேய்ச்சல் வேண்டும், வழியில் இறங்கிக் கட்ட இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும். இதில் எதுவும் தனி ஆளின் காணியில் நடக்கிற காரியம் இல்லை. ஊர்ப் பொதுக் காட்டிலும் பொதுத் தரவையிலும்தான் அது நடந்தது. பொதுநிலம் சிங்களக் குடியானவனுக்குக் குரக்கன் என்றால், நம்மவனுக்கு அது மாட்டுத் தீனி. இரண்டு பேருக்கும் அது சோறுதான்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நல்ல விடயம்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் காணிக்கும் மனிதனுக்கும் இடையில் சாட்சியாக இருந்தது அந்த ஊழியம்தான். அந்தச் சாட்சி எழும்பிப் போனது. அதன் பலன் சில ஆண்டுகளில் தெரிந்தது.

1830களின் பிற்பகுதியில் கோப்பி வந்தது. இங்கிலாந்துச் சந்தையில் கோப்பிக்கு நல்ல விலை. கண்டியைச் சுற்றிய மலைகள் கோப்பிக்குத் தோதான மலைகள். முதலாளிகள் காடு தேடி வந்தார்கள். அப்போது அரசாங்கத்துக்கு ஒரு கேள்வி எழுந்தது. இந்தக் காடு யாருடையது? யாரிடமிருந்து யாருக்கு விற்பது?

அதற்கான பதில்தான் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். முடிக்குரிய காணிகளில் அத்துமீறலைத் தடுக்கும் சட்டம் என்று அதற்குப் பெயர். பெயரைக் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. அரசாங்கக் காணியைக் களவாகப் பிடிக்கிறவனைத் தடுப்பதில் என்ன பிழை? பிழை உள்ளே இருந்தது. காடாக, தரிசாக, ஆளில்லாமல், பயிரில்லாமல் கிடக்கும் காணியெல்லாம் முடிக்குரியது என்று முதலிலேயே வைத்துக்கொள்ளப்படும். இல்லை என்று சொல்கிறவன்தான் நிரூபிக்க வேண்டும்.

சேனைக் காணி விடயத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நாட்டின் மற்றப் பகுதிகளில் சேனை முடிக்குரியது என்று ஊகிக்கப்படும், ஆனால் மாறாக நிரூபிக்க இடமுண்டு. பழைய கண்டி இராச்சியத்தைச் சேர்ந்த மாகாணங்களில் அப்படியில்லை. இங்கே சன்னஸ் அல்லது கொடைப் பட்டயத்தை எல்லைக்கான ஆதாரத்தோடு காட்ட வேண்டும். அல்லது வழமையான வரியோ ஊழியமோ 20 ஆண்டுகளுக்குள் செலுத்தப்பட்டதாகக் காட்ட வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் அந்தச் சேனை முடிக்குரியது. வேறு சாட்சி எடுபடாது.

இந்த இடத்தில் நின்று கொஞ்சம் யோசியுங்கள். ஒரே தீவு, ஒரே அரசாங்கம், ஒரே சட்டம். ஆனால் கரையோரத்தானுக்கு ஒரு அளவுகோல், கண்டியானுக்கு வேறு அளவுகோல். ஏன்? கோப்பி விளையும் மலை கண்டியில் இருந்தது. நிரூபி என்று யாரிடம் கேட்டார்கள்? எழுத்தே தேவைப்படாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சனத்திடம். ஊழியத்தை 1832இல் ஒழித்துவிட்டு, 1840இல் ஊழியம் செய்ததற்குச் சாட்சி கேட்டார்கள். ஆண்டு போகப் போக அந்த 20 ஆண்டுச் சாட்சி தானாகவே தேய்ந்து போகும்.

10 ஆண்டுக்குக் குறையாமலும் 30 ஆண்டுக்கு மேற்படாமலும் முடிக்குரிய காணியைப் பிடித்துத் திருத்திப் பயிரிட்டவனுக்கு ஒரு வழியும் சட்டத்தில் இருந்தது. திருத்திய காணியின் பெறுமதியில் பாதியைக் கட்டினால் உறுதி எடுக்கலாம். குரக்கன் விதைக்கிறவன் எங்கே போவான் அந்தக் காசுக்கு?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதையும் சொல்லாமல் விட்டால் நாம் வரலாறு படிப்பிப்பதில் அர்த்தமில்லை. கோப்பிக் காய்ச்சல் வந்ததும் பொய் உறுதிகளும் முளைத்தன. தமக்கு உரிமையில்லாத காட்டைத் தோட்டக்காரர்களுக்கு விற்ற உள்ளூர்ப் பெரியவர்களும் இருந்தார்கள். ஏதோ ஒரு ஒழுங்கு தேவைப்பட்டது உண்மை. கேள்வி அந்த ஒழுங்கின் பாரம் யார் தோளில் வைக்கப்பட்டது என்பதுதான்.

விற்பனை எப்படி நடந்தது? 1844 வரை ஏக்கர் 5 ஷில்லிங். 1841 என்ற ஒரே ஆண்டில் 78,000 ஏக்கருக்கு மேல் விற்கப்பட்டது. வாங்கியவர்களில் அந்நாளைய ஆளுநர் ஸ்டூவர்ட் மெக்கன்சி இருந்தார், உயர் அதிகாரிகள் இருந்தார்கள். காணி யாருடையது என்று தீர்மானிக்கும் கச்சேரி உத்தியோகத்தரே காணி வாங்கும் முதலாளியாகவும் இருந்த காலம் அது. பிறகுதான் உத்தியோகத்தர்கள் தோட்டம் வைத்திருக்கக் கூடாது என்று தடை வந்தது. அதற்குள் நிறையக் காடு கைமாறிவிட்டது.

இப்போது 1848க்கு வருவோம். கோப்பி விலை விழுந்துவிட்டது, அரசாங்கத்துக்குக் காசு முடை. புதிய ஆளுநர் டொரிங்டன் பிரபு வரிகளைப் போட்டார். துப்பாக்கிக்கு வரி. காட்டோரம் இருக்கிறவன் பன்றியிடமிருந்து சேனையைக் காப்பது துப்பாக்கியால்தான். நாய்க்கு வரி. சேனைக் காவலுக்கு நாய் வேண்டும். கடைக்கு வரி. அது நம்மவர்களையும் தொட்டது. எல்லாவற்றுக்கும் மேலே தெரு வரி. வயதுவந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு 6 நாள் தெரு வேலை செய்ய வேண்டும், அல்லது 3 ஷில்லிங் கட்ட வேண்டும். ஒழித்த இராஜகாரியம் வேறு உடுப்பில் திரும்பி வந்துவிட்டது என்றுதான் சனங்களுக்குத் தோன்றியது. அந்தத் தெருக்களோ கோப்பித் தோட்டங்களுக்குப் போகும் தெருக்கள்.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்லலாம். மகன், அந்த மனிதன் நாய்க்காகச் சாகவில்லை. காட்டை எடுத்தார்கள், பொறுத்தான். மிச்சமிருந்த சேனையைக் காக்கிற நாய்க்கும் துவக்குக்கும் காசு கேட்டார்கள். காட்டை எடுத்தவனுக்குத் தெருப் போட்டுக் கொடுக்க வா என்றும் சொன்னார்கள். அப்போதுதான் அவன் எழும்பினான்.

கிளர்ச்சிக்கு உடனடிக் காரணம் வரிகள்தான் என்று பெரிய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அதோடு நமக்குச் சண்டையில்லை. ஆனால் உடனடிக் காரணம் வேறு, நாள்பட்ட காயம் வேறு.

1848 ஜூலை 6ஆம் திகதி ஆயிரக்கணக்கானோர் கண்டி நகரில் கூடினார்கள். ஆயுதத்தோடு வரவில்லை, முறைப்பாட்டோடு வந்தார்கள். அது எடுபடவில்லை. ஜூலைக் கடைசியில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். மாத்தளையில் அரசாங்கக் கட்டடங்கள் தாக்கப்பட்டன. கண்டியிலிருந்து போன படை மாத்தளைக்கு அருகே வாரியபொல தோட்டப் பக்கத்தில் கூட்டத்தைச் சிதறடித்தது. ஜூலை 29இல் கண்டியில் இராணுவச் சட்டம் போடப்பட்டது. ஆகஸ்ட் 8ஆம் திகதி வீர புரன் அப்புவைப் போகம்பரையில் சுட்டுக் கொன்றார்கள். அதே மாதம் 26ஆம் திகதி குடாபொல தேரரைச் சீவரத்தோடேயே சுட்டார்கள். கொங்காலேகொட பண்டா செப்டெம்பரில் பிடிபட்டு, கசையடி பட்டு, மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

போகம்பரையைக் கடந்து நாம் எத்தனை தரம் போய் வருகிறோம். பஸ் பிடிக்கும் அவசரத்தில் யாருக்கு இது ஞாபகம் வருகிறது?

கிளர்ச்சியின் தலைவர்கள் நம் சமூகத்தவர் அல்ல. இல்லாத பெருமையை நாம் சோடிக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் காயம் நம்முடையதும்தான். காடு தோட்டமானபோது மேய்ச்சல் போனது. தெருவும் மாட்டுவண்டியும் வந்தன, 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. தவளம் மெல்ல மெல்ல முடிந்தது. மாட்டுக்காரன் கடைக்காரனானான். இன்று கண்டி முஸ்லிம் என்றால் வியாபாரி என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது நம் இரத்தத்தில் வந்த குணம் மட்டும் இல்லை. காணியும் மேய்ச்சலும் சுருங்கியதும் அதற்கு ஒரு காரணம்.

லண்டன் பாராளுமன்றத்தில் விசாரணை நடந்தது. 1850இல் டொரிங்டன் பதவியிழந்து போனார். நாய் வரியும் கடை வரியும் நீக்கப்பட்டன. 1840ஆம் ஆண்டின் காணிச் சட்டம் போகவில்லை. சனங்கள் சத்தம் போட்டது எதற்கோ அது குறைக்கப்பட்டது, சத்தம் போடாதது அப்படியே இருந்தது. இதை நம் பிள்ளைகள் நன்றாக மனதில் வைக்க வேண்டும்.

கதை அங்கே முடியவில்லை. கோப்பியை நோய் அழித்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கும் காணி வேண்டும். ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வே காலத்தில் 1897ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கத் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி இன்ன காணி தரிசு என்று அரசாங்கம் அறிவித்தல் போடும். உரிமை கோருகிறவர்கள் 3 மாதத்துக்குள் வந்து சொல்ல வேண்டும். வராவிட்டால் காணி முடிக்குரியது என்று பிரகடனம் செய்யப்படும். அறிவித்தல் போடப்பட்டது என்பதற்கும் மலைக்கு அப்பால் இருக்கிறவன் அதை அறிந்தான் என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

இந்த இடத்தில் ஒரு விசித்திரமான மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லெ மெசூரியர் என்று ஒரு ஆங்கிலேயர். சிவில் சேவையில் நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். அந்த நாட்களில் நெல் வரி கட்ட முடியாத ஏழைகளின் வயல்கள் ஏலத்தில் போயின. வலப்பனைப் பக்கத்தில் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அந்தக் கொடுமை வெளியே தெரிய வந்ததில் அவருக்குப் பங்குண்டு. நெல் வரி 1892இல் ஒழிக்கப்பட்டது. பின்னாளில் அவர் இஸ்லாத்தைத் தழுவினார், உத்தியோகமும் போனது. அதன் பிறகு கிராமத்தவர்களிடமிருந்து காணி உரிமைகளை வாங்கி, முடிக்கு எதிராக வழக்காடத் தொடங்கினார். அவரைப் போன்றவர்களை மடக்குவதும் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு நோக்கம் என்று சொல்லப்பட்டது.

நம்மில் சிலர் இதைக் கேட்டதும் அவரை ஒரு வலியுல்லாஹ் ஆக்கிவிடப் பார்ப்பார்கள். வேண்டாம். அவர் மதம் மாறியதற்கு மணவாழ்க்கைச் சிக்கல்களும் காரணம், அவை சட்டப் புத்தகங்களில் இன்றும் படிக்கப்படுகின்றன. காணி வாங்கியதில் அவருக்கு இலாப நோக்கமும் இருந்தது. ஆனால் ஒரு உண்மையை அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். நீதிமன்றத்தில் முடியை எதிர்த்து நிற்கச் சட்டம் தெரிந்தவனால் முடிந்தது. சட்டம் தெரியாத, ஆங்கிலம் தெரியாத கிராமத்தவனால் முடியவில்லை. கண்டியில் பிறந்த நம் அறிஞர் சித்திலெப்பை அவர்கள் அதே காலத்தில் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் என்று மன்றாடியதற்கு அர்த்தம் இங்கேயும் இருக்கிறது. கல்வி உத்தியோகத்துக்கு மட்டுமல்ல, வீட்டு வாசலில் ஒட்டப்படும் அறிவித்தலை வாசிப்பதற்கும்தான்.

எதிர்ப்பு தொடர்ந்தது. மனுக்கள் போயின, சட்டசபையில் பேசினார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள். மெல்ல மெல்ல அரசாங்கத்தின் பேச்சு மாறியது. 1927இல் காணி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. டி. எஸ். சேனாநாயக்க அதில் ஒரு அங்கத்தவர். 1929இல் வந்த அதன் அறிக்கையின் சாரம் இதுதான்: முடிக்குரிய காணி அரசாங்கத்தின் வியாபாரச் சரக்கு அல்ல, அது முழுச் சமூகத்துக்காக அரசாங்கம் வைத்திருக்கும் அமானிதம். ஆகவே விற்பதற்கு முன் வரைபடம் போட வேண்டும். எந்தப் பகுதி கிராம விரிவாக்கத்துக்கு, எது கிராமக் காட்டுக்கு, எது மேய்ச்சலுக்கு என்று முதலில் ஒதுக்க வேண்டும். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அப்படிப் பிறந்தது. இன்று நம் வீடுகளில் இருக்கும் அனுமதிப்பத்திரமும் அளிப்புப் பத்திரமும் அந்தச் சட்டத்தின் பிள்ளைகள். 1840இல் எழுந்த முறைப்பாட்டுக்குப் பாதிப் பதிலாவது வர 95 ஆண்டு எடுத்தது. 1951இல் கண்டியக் கிராமியரைப் பற்றிய ஆணைக்குழு அறிக்கை விட்டபோதும் காணிப் பசி தீர்ந்திருக்கவில்லை.

அதிலும் எல்லோருக்கும் பங்கு கிடைக்கவில்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையாயின. அந்தத் தோட்டங்களை வியர்வையால் உண்டாக்கிய மலையகத் தமிழ்த் தொழிலாளர்களைக் கேட்காமலே காணி பிரிக்கப்பட்டது. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கரைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்துக்கு எதிராகத் தொழிலாளர்கள் திரண்டார்கள். 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தான். காணி இல்லாதவனுக்குக் காணி கொடுப்பது நல்ல காரியம். அதை இன்னொரு காணியில்லாதவனின் கும்பாவைத் தட்டிவிட்டுக் கொடுத்தார்கள். 1848இல் சிங்களக் குடியானவன் கேட்ட கேள்வியையே 1977இல் தமிழ்த் தொழிலாளி கேட்டான். எங்களைக் கேட்டீர்களா?

நம் காலத்துக்கும் வருவோம். 2019இல் அரச காணி விசேட ஏற்பாடுகள் சட்டமூலம் வந்தது. அனுமதிப்பத்திரக்காரருக்கும் அளிப்புப் பத்திரக்காரருக்கும் முழு உரித்துக் கொடுப்போம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பலர் எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். முழு உரித்துக் கையில் வந்தால் ஏழை அதைக் கடனுக்கு ஈடுவைப்பான், விற்பான், கடைசியில் காணி பெரிய கம்பனிகளிடம் போய்ச் சேரும் என்பது அவர்களின் பயம். மாகாண சபைகளின் கருத்தறியாமல் இதை நிறைவேற்ற முடியாது என்று நீதிமன்றம் தீர்மானித்தது. 2003இலும் இதேபோன்ற ஒரு சட்டமூலத்துக்கு இதே தடைதான் வந்தது.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் எம்.சி.சி. உடன்படிக்கை பற்றிய சர்ச்சையும் நடந்தது. 480 மில்லியன் டொலர். அதில் காணித் திட்டத்துக்கு 67 மில்லியன். அரச காணிகளைப் பட்டியலிடுவது, வரைபடமாக்குவது, உறுதிப் பதிவேடுகளைக் கணினிமயமாக்குவது எல்லாம் அதில் இருந்தன. தெரிவான மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. நாட்டின் குறுக்கே சுவர் கட்டப் போகிறார்கள் என்பது வரைக்கும் வதந்தி பரவியது. அதில் பொய்யும் இருந்தது, நியாயமான பயமும் இருந்தது. 2020 டிசம்பரில் அமெரிக்கத் தரப்பே அதைக் கைவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் 5/2001 சுற்றறிக்கையை அரசாங்கம் நீக்கியது. வன இலாகாவின் பொறுப்பிலிருந்த ஏனைய அரச காடுகள் பிரதேச செயலாளர்களின் கைக்கு மாறும் என்றதும் சூழலியலாளர்கள் எழும்பினார்கள்.

இந்த எதிர்ப்புகளில் எது சரி, எது மிகை என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. நாம் சொல்ல வந்தது ஒரேயொரு விடயம். பொதுநிலம் பற்றி எந்த அரசாங்கம் எந்தத் திட்டம் கொண்டுவந்தாலும், ஆதரிக்க முன்னும் எதிர்க்க முன்னும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நிரூபிக்கிற பாரம் யார் தோளில்? கடுதாசி இல்லாத ஏழையின் தோளிலா, காணியை எடுக்கப் போகிறவனின் தோளிலா? 1840இல் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்கவில்லை. அதன் விலையை ஒரு நூற்றாண்டு கட்டினார்கள்.

இனி நம் பக்கத்துப் பிழையையும் பேசுவோம். கசக்கும்தான், ஆனாலும் பேசுவோம்.

காட்டையும் ஓடையையும் ஊராரிடமிருந்து எடுத்து முடிக்கு எழுதியபோது காணி மட்டும் போகவில்லை. “இது எங்கள் எல்லோருடையதும்” என்ற உணர்வும் போய்விட்டது. அரச காணி என்றால் யாரோ ஒருவனின் காணி என்றாகிவிட்டது. யாரோ ஒருவனின் காணியில் கொஞ்சம் தள்ளி மதில் கட்டினால் என்ன என்ற நினைப்பு வந்துவிட்டது. அக்குறணையில் பிங்கா ஓயா பெருகிக் கடைகளுக்குள் தண்ணீர் ஏறும்போதெல்லாம் நாம் வானத்தைப் பார்க்கிறோம், அரசாங்கத்தைத் திட்டுகிறோம். ஓயாவின் ஒதுக்கை அடி அடியாகச் சுருக்கியது மழையா? நாலு கடை கூடக் கட்ட ஓடையின் தோளை நெருக்கியதில் நம் கை இல்லையா? மலைச் சரிவை வெட்டி வீடு கட்டுகிறோம், மண் சரிந்தால் கத்ர் என்கிறோம்.

ஒருவர் ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தால் மறுமையில் ஏழு பூமிகள் அவர் கழுத்தில் மாலையாக மாட்டப்படும் என்ற நபிமொழியை ஜும்ஆவில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம். அது பக்கத்து வீட்டுக்காரரின் காணிக்கு மட்டும் என்று யார் சொன்னது? பொதுநிலத்தை எடுத்தால் ஒருவரின் ஹக்கை அல்ல, ஓராயிரம் பேரின் ஹக்கை எடுக்கிறோம். அவர்கள் எல்லோரிடமும் எப்படி மன்னிப்புக் கேட்டு முடிப்பது?

அரசாங்கம் அநியாயமாக எடுத்தால் எதிர்ப்போம். நம்மவர் அநியாயமாக எடுத்தாலும் எதிர்ப்போம். இரண்டையும் செய்கிறவனின் வாய்க்குத்தான் பெறுமதி உண்டு.

கடைசியாக மூன்று வேண்டுகோள்.

ஒன்று. உங்கள் உம்மாவின் அலுமாரியில், பெட்டகத்தில் இருக்கும் பழைய உறுதி, அனுமதிப்பத்திரம், வரைபடம், வரிப் பற்றுச்சீட்டு எதையும் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். பிரதி எடுத்து வையுங்கள். வாப்பா மௌத்தாகி எத்தனையோ ஆண்டுகளாகியும் அனுமதிப்பத்திரம் அவர் பெயரிலேயே கிடக்கும் வீடுகள் நம் ஊரில் நிறைய. பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பின்னுரித்தைச் சரி செய்யுங்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பிறகு பெண் பிள்ளைகளைப் பின்தள்ளும் பழைய ஒழுங்கும் மாறியிருக்கிறது.

இரண்டு. கிராம சேவகர் காரியாலயத்தில் ஒட்டப்படும் அறிவித்தலை வாசியுங்கள். 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ், பிம்சவிய என்று நாம் சொல்கிறோமே, அதிலும் உரிமை கோரத் திகதி குறித்துத்தான் அறிவித்தல் வரும். பள்ளிவாசல் நிர்வாகம் அதை ஜும்ஆவுக்குப் பின் ஒரு நிமிடம் வாசித்துக் காட்டினால் பெரிய உதவி. 1897இல் மூன்று மாதத்தைத் தவறவிட்டவனுக்குச் சாட்டு இருந்தது. அவனுக்கு வாசிக்கத் தெரியாது. நமக்கு என்ன சாட்டு?

மூன்று. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். தவளம் போன பாதை எது? மாடு கட்டிய இடம் எது? எந்த மலை ஊருக்குப் பொதுவாக இருந்தது, எப்போது தோட்டமானது? கேட்டதைக் கீழே எழுதுங்கள், அல்லது பிள்ளைகளிடம் ஒரு கொப்பியில் எழுதக் கொடுத்து விடுங்கள். அன்று நம் முன்னோரிடம் கடுதாசி இருக்கவில்லை, ஞாபகம் மட்டும்தான் இருந்தது. இன்று நம்மிடம் கடுதாசி இருக்கிறது, ஞாபகம்தான் போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் இதைச் சொல்லப் போகிறோம். நாய் வரியையும் சொல்வோம், பரீட்சைக்கு வரும். ஆனால் அதற்கு முன் 1840ஐச் சொல்வோம்.

யா அல்லாஹ், எங்கள் ஹக்கை எங்களுக்குக் காத்துத் தருவாயாக. மற்றவர் ஹக்கிலிருந்து எங்கள் கையைக் காப்பாயாக. ஆமீன்.